திருப்பூர் மேடை முதல் செல்போன் வரை: பெரியாரின் எழுத்துப் போராட்டம்

1922 திருப்பூர் காங்கிரஸ் மாநாட்டில், எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்றார் ஈ.வெ.ராமசாமி. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மேடை அடுத்தவர் கையில் இருந்தால் என்ன செய்ய?

1925 மே 2-ல் ஈரோட்டில் 'குடிஅரசு' வார இதழைத் தொடங்கினார். 1933-ல் எழுதிய ஒரு தலையங்கம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. 'குடிஅரசு' நின்றதும் 'புரட்சி' என்ற பெயரில் வந்தார்.

1935-ல் ணை, லை போன்ற எழுத்துகளின் வடிவத்தையே எளிதாக்கினார். அச்சுக்கோப்பவருக்கு வேலை குறைவு. புதுசாகப் படிப்பவருக்குச் சுமை குறைவு. 1973-ல் அவர் மறைந்தார்; அரசு அதை ஏற்றது 1978-ல்தான்.

இன்று பனியன் கம்பெனித் தொழிலாளி செல்போனில் 'வேலை' என்று தட்டும்போது வருவது அந்த 'லை'தான்.