வெள்ளைப் பீங்கானில் ஓர் அங்குல நீர்

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் அடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு வைத்திருப்போம். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைக் கண் தவற விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. அதே வெள்ளைப் பீங்கானைக் கொண்டு ஒரு நாட்டின் ஆறுகளைக் காக்க முயன்றவர் ஒருவர் உண்டு. முதலாமாண்டில் இணைதிறன் என்று படிக்கிறோமே, அக்கருத்துக்கு 1852-இல் வித்திட்டவரும் அவரே. பாடநூலில் அவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் வாழ்வு ஒரு வரியில் முடிவதா? அவர்தாம் எட்வர்டு பிராங்க்லாண்டு.

மருந்துக்கடைப் பையன்

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், கார்ஸ்டாங் என்னும் சிற்றூரின் அருகே 1825-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையின் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலையில் தாயால் வளர்க்கப்பட்ட பிள்ளை அவர். மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. அதற்கு வழி என்று நம்பி, 1840-இல் லங்காஸ்டர் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்த்தார்கள். அங்கே அவர் கற்றதைவிட, மருந்து இடித்ததும் மூட்டை சுமந்ததுமே அதிகம். ஆயினும் அவ்வூர் மருத்துவர்கள் சிலர், படிக்கத் துடிக்கும் ஏழை இளைஞர்களுக்காக ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தனர். வேலை முடிந்த நேரங்களில் பிராங்க்லாண்டு அங்கே வேதியியல் பழகினார். கதவைத் திறந்துவிட ஒருவர் இருந்தால் எங்கிருந்தும் ஒருவன் மேலே வரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆகையால் இந்தப் பகுதியைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1845-இல் அவர் இலண்டன் சென்றார். பிறகு செருமனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் புன்சனிடம் பயின்று 1849-இல் டாக்டர் பட்டம் பெற்றார். உலோகமும் கரிமத் தொகுதியும் இணைந்த புதுவகைச் சேர்மங்களைப் படைத்தார். அவற்றிலிருந்துதான் இணைதிறன் கருத்து முளைத்தது. 1851-இல் மான்செஸ்டரில் புதிதாகத் தொடங்கிய ஓவன்ஸ் கல்லூரிக்கு முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார். பருத்தி ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த அந்நகரில் இர்வெல் ஆறு எப்படி ஓடிற்று என்பதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

ஆறா, சாக்கடையா?

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். நகரத்தின் மலநீர் ஓடும் இடம் ஆறு. சாயமும் அமிலமும் கொட்டும் இடம் ஆறு. குடிநீர் முகக்கும் இடமும் ஆறு! 1866-இல் கிழக்கு இலண்டனில் காலரா பரவி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குற்றம் குடிநீரில் இருந்தது. கால்டர் ஆற்றின் நீரையே மையாகத் தொட்டு எழுதிய குறிப்பு ஒன்று, அக்கால ஆற்று ஆணைய அறிக்கை ஒன்றில் அப்படியே அச்சாகியுள்ளது. ஆற்று நீரால் கடிதம் எழுதலாம் என்றால் அந்த ஆற்றில் மீன் எப்படி வாழும்?

1868-இல் ஆறுகள் மாசுறுவதை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. உறுப்பினர் மூவரே. தலைவர் சர் வில்லியம் டெனிசன். 1861 முதல் 1866 வரை நமது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். மற்றொருவர் வேளாண்மை அறிஞர் மார்ட்டன். மூன்றாமவர் பிராங்க்லாண்டு, வேதியியல் பொறுப்பு முழுவதும் அவருடையது. டெனிசன் 1871-இல் மறைந்தார். பணி நிற்கவில்லை. 1870-க்கும் 1874-க்கும் இடையே ஆறு அறிக்கைகள் வெளிவந்தன. முதல் அறிக்கையே மெர்சி, ரிப்பிள் ஆற்றுப் படுகைகளைப் பற்றியது. அதாவது, அவர் பிறந்த மாவட்டத்தின் கதை!

ஓடும் ஆறு சில கல் தொலைவிலேயே தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்று அன்று பலரும் நம்பினர். ஆலை முதலாளிகளுக்கு இது மிகவும் வசதியான நம்பிக்கை. பிராங்க்லாண்டு ஆற்று நீரைப் பல இடங்களில் எடுத்துச் சோதித்தார். கழிவுநீர் கலந்த நீரைக் காற்றுப்படச் செய்தும் பார்த்தார். கழிவு முற்றும் அழியும் அளவுக்கு நீளமான ஆறு பிரிட்டனில் ஒன்றுகூட இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

குற்றம் காண்பதோடு அவர் நிற்கவில்லை. மணலும் மண்ணும் நிரப்பிய உருளைகளில் இலண்டன் சாக்கடை நீரை ஊற்றி வடித்தார். இடைவிடாது ஊற்றினால் மண் அடைத்துக்கொண்டது. ஊற்றுவதும் நிறுத்துவதுமாக, மண்ணுக்குக் காற்று வாங்க ஓய்வு கொடுத்தபோது தெளிந்த நீர் வந்தது. அங்கே வேலை செய்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது பின்னரே தெரிந்தது. எனினும் இன்றைய கழிவுநீர் நிலையங்களின் உயிரியல் வடிகட்டிகளுக்கு அந்த உருளைகளே முன்னோடி.

எண்ணால் ஒரு வேலி

ஆணையத்தின் மிகத் துணிச்சலான செயல் இனித்தான் வருகிறது. எது மாசு? இக்கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொன்னால் எந்த வழக்கும் நிற்காது. ஆகவே பிராங்க்லாண்டும் தோழர்களும் மாசுக்கு எண்ணால் இலக்கணம் வகுத்தனர். இலட்சம் பங்கு நீரில் மிதக்கும் கனிமப் பொருள் 3 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. கரைந்த கரிமக் கார்பன் 2 பங்குக்கும், கரிம நைட்ரசன் 0.3 பங்குக்கும் மிகுதல் ஆகாது. ஆர்செனிக் 0.05 பங்கைத் தாண்டக் கூடாது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் தவிர வேறு எந்த உலோகமும் 2 பங்கைத் தாண்டக் கூடாது. வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் ஓர் அங்குல ஆழம் ஊற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியக் கூடாது. இந்தக் கடைசிச் சோதனைக்குப் பட்டம் வேண்டாம், கருவி வேண்டாம்; கண் இருந்தால் போதும்!

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? செலவு தாங்காது, தொழில் நசிந்துவிடும் என்று ஆலை முதலாளிகள் முறையிட்டனர். அறிஞரிடையிலும் மாறுபட்ட கருத்து இருந்தது. பேராற்றுக்கும் சிற்றோடைக்கும் ஒரே எண்ணா என்று கேட்டவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. மேலும், கரிமக் கார்பனையும் நைட்ரசனையும் அளக்கப் பிராங்க்லாண்டு வகுத்த எரிப்பு முறை மிகக் கடினமானது. வாங்க்ளின் என்பவரின் எளிய அம்மோனியா முறையே பலருக்குக் கைவந்தது. இருவர்க்கும் நடந்த வாதம் பல ஆண்டு ஓயவில்லை. எல்லோராலும் அளக்க முடியாத அளவுகோல் எவ்வளவு நுட்பமானதாயினும் ஊர்க்கு உதவுவது அரிது. அவருடைய குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1876-இல் ஆற்று மாசுத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் எண்கள் எதுவும் அதில் இல்லை! தம்மால் இயன்ற வழியைக் கையாண்டோம் என்று ஆலைக்காரர் காட்டிவிட்டால் போதும். அவர்மீது வழக்குத் தொடரவும் மேலிடத்தின் இசைவு வேண்டும். வேலி போட்டார்கள், முள்ளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பிராங்க்லாண்டு சோர்ந்துவிடவில்லை. 1865-இல் ஏற்றுக்கொண்ட இலண்டன் குடிநீர்ச் சோதனையை முதுமைவரை தொடர்ந்து செய்தார். 1897-இல் சர் பட்டம் பெற்றார். 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நார்வே நாட்டில் காலமானார். அவர் மகன் பெர்சி நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்து தந்தையின் பணியை வேறொரு வழியில் வளர்த்தார்.

எண் மட்டும் சாகவில்லை. 1912-இல் மற்றோர் அரச ஆணையம், கழிவுநீரில் மிதக்கும் பொருள் இலட்சத்துக்கு 3 பங்கும், ஐந்து நாளில் அது உறிஞ்சும் ஆக்சிசன் 2 பங்கும் எல்லை என்றது. அதுவும் ஆற்று நீர் கழிவைப்போல் எட்டு மடங்காவது இருக்கும் இடத்தில்தான். சிற்றோடையா, பேராறா என்ற பழைய கேள்விக்கு அப்படி விடை கிடைத்தது. பிராங்க்லாண்டின் ஆறாவது அறிக்கை வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்து, 1974-இல், இந்திய நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. கழிவுநீருக்கு அளவு வகுக்கும் பொறுப்பு அச்சட்டத்தால் வாரியங்களுக்கு வந்தது.

இதைப் படித்த அன்று ஒரு கணக்குப் போட்டேன். நாங்கள் செய்முறையில் பயன்படுத்தும் டெசிநார்மல் காப்பர் சல்பேட் கரைசலில், அயோடின் முறைக் கணக்குப்படி, லிட்டருக்கு 6.35 கிராம் தாமிரம். இலட்சம் பங்குக்கு 635 பங்கு! பிராங்க்லாண்டு விதித்த எல்லையைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். மணி அடித்ததும் மீதியைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம். நீலம் குழாய்க்குள் மறைந்துவிடும்; ஆனால் மறைந்தது அழிந்ததாகுமா?

அடுத்த வகுப்பிலிருந்து மீதிக் கரைசலை ஒரு பழைய புட்டியில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அதைப் பார்த்து நண்பர் இருவரும் சேர்க்கிறார்கள். ஆலைகளைக் கேள்வி கேட்கும் நாள் நமக்கும் வரும். அன்று நம் கையில் எண் இருக்க வேண்டும்; நம் தொட்டியும் தூய்மையாக இருக்க வேண்டும்.