டாக்டர் மேரி இரட்ணம்: மருந்துச் சீட்டுக்கு அப்பால்

எமது சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், இந்த மண்ணில் பிறவாதிருந்தும் இங்குள்ள பெண்களுக்காகத் தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு வைத்தியரை நினைவுகூர விரும்புகிறோம்.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் படித்துத் தேறினார். 1896இல், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் மிஷன் பணிக்கென இலங்கைக்கு வந்தார். அதே ஆண்டில் எஸ். சி. கே. இரட்ணம் என்ற தமிழரை மணந்தார். அந்தக் கலப்புத் திருமணத்தை அன்றைய மிஷன் வட்டாரத்தினர் ஏற்கவில்லை. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ, அந்தப் பணியே கைநழுவிப் போயிற்று.

ஊர் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் கடமையாற்றி, பின்னர் தனியாக வைத்தியம் செய்தார். ஆண் வைத்தியரிடம் வாய் திறக்கக் கூசிய தாய்மார் அவரைத் தேடி வந்தனர்.

வைத்தியராயுள்ள நாம் அறிந்த ஒன்றுண்டு. பூச்சி மருந்து கொடுத்து அனுப்பும் பிள்ளை, சில மாதங்களில் அதே ஊதிய வயிற்றோடு திரும்பி வரும். வீட்டில் மலகூடம் இராது. கொதித்தாறிய தண்ணீர் இராது. 1930களில் இலங்கையில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 150க்கு மேற்பட்டவை ஒரு வயதைக் காணாமலே மடிந்தன. மருந்துச் சீட்டால் மட்டும் இதனைத் தீர்க்க முடியாது என்பதை மேரி இரட்ணம் உணர்ந்திருந்தார். பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூல் எழுதினார். ஏழைத் தாய்மாரை அவர்கள் வாழுமிடத்திலேயே ஒன்றுசேர்க்க முனைந்தார்.

அதற்கு முன்மாதிரி அவருடைய பிறந்த மாகாணத்திலேயே இருந்தது. பழுதான பாலால் தன் குழந்தையை இழந்ததாகக் கூறப்படும் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாயின் தூண்டுதலால், 1897இல் ஒன்ராறியோக் கிராமப் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அதைப் பின்பற்றி 1930இல் மேரி இரட்ணம் தோற்றுவித்ததே லங்கா மகிள சமித்தி. இன, மத பேதமின்றிக் கிராமத்துப் பெண்கள் கூடினர். குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத்தோட்டம், தையல், நெசவு என வீட்டுக்கு உதவுவனவற்றைப் பழகினர். பட்டணத்துச் சீமாட்டிகள் வந்து தானம் வழங்கிப் போகும் இடமாக அது இருக்கவில்லை. கிராமத்துப் பெண்களே கூட்டம் நடத்தினர், தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே பேசினர்.

பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1927இல் எழுந்த சங்கத்திலும் அவர் முன்னின்றார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார்; சட்ட நுணுக்கம் ஒன்றால் அந்த ஆசனத்தை இழந்தார். எதிர்ப்புகளுக்கிடையே குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் வாதாடினார். 1958இல் பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவரை வந்தடைந்தது. 1962இல் காலமானார்.

அவர் தொடக்கிய சமித்தி அவருக்குப் பின்னும் நிலைத்தது. அதன் காரணத்தை நாம் சிந்திக்க வேண்டும். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் நாம் மனமுவந்து பணம் அனுப்புகிறோம். கொப்பிகளும் சப்பாத்துகளும் பிள்ளைகளைச் சென்றடைகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை அழைத்து, என்ன தேவை என்று நாம் கேட்டிருக்கிறோமா? இரண்டாவது நூற்றாண்டில் கால் வைக்கும் எமது சங்கம், அத்தாய்மாரும் சமமாக அமர்ந்து பேசும் ஒரு கூட்டத்தை இவ்வாண்டே கல்லூரி மண்டபத்தில் கூட்டட்டும். அன்று பேசுவதைக் குறைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம்.