கிரெகர் மெண்டல்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம்மவர் பழமொழி. ஆயினும், பெற்றோர் இருவரிடத்தும் காணப்படாத பாட்டனாரின் சாயலொன்று பேரனிடத்தே தோன்றுதலையும் நாம் கண்டிருக்கின்றோம். மறைந்த குணம் மீண்டும் வெளிப்படுவது எங்ஙனம்? இவ்வினாவிற்குத் தக்க விடைக்கு வழிகாட்டியவர், ஆசிரியர் பரீட்சைக்கு இருமுறை சென்றும் தேறாத ஒரு துறவியாராவர். அவரே கிரெகர் மெண்டல்.

இவர் 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசில் சிலேசியாவைச் சேர்ந்த ஹைன்ஸென்டார்ப் என்னும் சிற்றூரில், ஒரு குடியானவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அவ்வூர் இந்நாளில் செக் குடியரசில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் யோஹான். தந்தையார் மரம் விழுந்து காயமுற்று உழைக்க இயலாராகவே, குடும்பம் வறுமையுற்றது. மகனது கல்வி தடைப்படும் நிலை வந்தது. அப்பொழுது இளைய சகோதரி தெரேசியாள், தன் திருமணத்திற்கென வைத்திருந்த சீர்ப்பொருளில் ஒரு பங்கை அண்ணன் படிப்பிற்கென மனமுவந்து ஈந்தாள்.

1843-இல் மெண்டல் புருன் நகரத்துப் புனித தோமையார் மடத்திற் சேர்ந்து, கிரெகர் என்னும் பெயர் பூண்டார். 1847-இல் குருப்பட்டம் பெற்றார். பள்ளியில் துணையாசிரியராயிருந்து, 1850-இல் ஆசிரியர் பரீட்சை எழுதித் தவறினார். மடத்துத் தலைவர் அவரை வெறுத்து ஒதுக்காமல், வியன்னா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அங்கே பௌதிகமும் தாவர நூலும் கற்றுத் திரும்பி, 1856-இல் மறுமுறை முயன்றும் பயனில்லை. அவ்வாண்டிலேயே மடத்துத் தோட்டத்தில் தமது பட்டாணி ஆராய்ச்சியை ஆரம்பித்தார்.

பெற்றோர் குணங்கள் பாலும் நீரும்போல் பிள்ளையிடத்துக் கலந்துவிடும் என்பதே அக்காலத்தார் பலரின் கொள்கை. மெண்டல் அதனை வாதத்தால் மறுக்க முற்படவில்லை, எண்ணிப் பார்க்கலுற்றார். 34 வகை விதைகளை வாங்கி, ஈராண்டு சோதித்து, குணம் மாறாத 22 வகைகளைத் தெரிந்துகொண்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் மணப்பிக்க, முதல் தலைமுறையில் விளைந்தவை யாவும் உருண்டையாகவே இருந்தன. அவ்விதைகளை விதைத்து, முளைத்த செடிகளைத் தம்முள் தாமே கருவுற விடுத்தபோது, 7,324 விதைகளில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியவையாகவும் விளைந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! வேறு ஆறு குணங்களிலும் இவ்விகிதமே கண்டார்.

இதன் காரணத்தை அவர் பின்வருமாறு உய்த்துணர்ந்தார். ஒவ்வொரு குணத்திற்கும் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரண்டு காரணிகள் செடியில் உள. அவை ஒன்றோடொன்று கலந்தழிவதில்லை. வேறுபட்ட இரண்டும் கூடியிருப்பின், ஒன்று மேலோங்கும், மற்றது மறைந்திருக்கும். மகரந்தமும் சூலும் உண்டாகுங்கால் அவை பிரிந்து தனித்தனியே செல்லும். ஆதலின் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று உருண்டைக் காரணி இரண்டும், மற்றொன்று சுருக்கக் காரணி இரண்டும் பெறும். எஞ்சிய இரண்டும் வகைக்கு ஒன்றாகப் பெறும். கண்ணுக்கு மூன்று உருண்டை, ஒன்று சுருக்கம். மனிதர் சாயல் பல காரணிகளால் அமைவதாயினும், மறைந்தது அழிந்ததன்று என்னும் உண்மை அங்கும் பொருந்தும்.

ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்து கண்ட இம்முடிவுகளை 1865-இல் புருன் நகர இயற்கை நூற் கழகத்தில் இருநாள் வாசித்தார், மறுவருடம் அச்சாயிற்று. அறிஞருலகம் பொருட்படுத்தவில்லை. மியூனிக் நகரத்து நேகெலி என்னும் பேராசிரியர்க்கு விரிவாய் எழுதியும், அவர் இதன் அருமையை உணர்ந்திலர். அவர் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்னும் செடியில் மெண்டலும் முயன்றார். அது பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவதாகலின், பட்டாணியில் கண்ட விகிதம் அங்குத் தோன்றவில்லை. அவ்விரகசியம் அக்காலத்தார்க்குத் தெரியாது.

1868-இல் மடாதிபதியான மெண்டல், பின்னர் அரசாங்கம் மடத்தின்மீது விதித்த வரியை எதிர்த்துப் போராடுவதிலேயே காலங்கழித்தார். எனினும் சகோதரியின் உதவியை மறந்தாரல்லர். அவளுடைய புதல்வர் மூவரின் கல்விக்கும் பொருளுதவி செய்தார். 1884 ஜனவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தபோது, நல்ல மடாதிபதியென்றே ஊரார் அவரை நினைந்து வருந்தினர்.

பதினாறாண்டு கழிந்து, 1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தத்தம் ஆராய்ச்சியில் இவ்வுண்மையை எதிர்ப்பட்டு, பழைய ஏடுகளிலே மெண்டலின் கட்டுரையைக் கண்டனர். 1909-இல் யோஹான்சன் என்பார் அக்காரணிகட்கு ஜீன் என்று பெயரிட்டார்.

மாணவ நண்பர்காள்! பரீட்சையில் தவறியோர் நம்முள்ளும் உளர். மெண்டலுக்கு அத்தோல்வி துன்பம் தந்ததேயன்றி, ஆராய்ச்சியைக் கைவிடச் செய்யவில்லை. விதைகளை ஒவ்வொன்றாய் எண்ணும் பொறுமைக்கு எப்பட்டமும் வேண்டுவதில்லை.