மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் ஆங்கில அசையழுத்தமும்

கும்பகோணத்தையடுத்த வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு, வறிய வைதிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்திற் பயின்று பட்டம் பெற்று, சேலத்தில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கினார். கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இற் சேர்ந்து, 1915-இல் அவர்க்குப்பின் அதன் தலைவரானார்.

வெள்ளி நாவினர் என்று ஆங்கிலரும் போற்றிய அவர், 1919-இல் இங்கிலாந்து சென்றபோது ஐம்பது அகவையை நெருங்கியிருந்தார். அதற்கு முன்னரே அவருடைய ஆங்கிலம் நம் நாட்டுப் பள்ளிகளிலும் மேடைகளிலும் முதிர்ந்திருந்தது. உச்சரிப்புத் தூய்மை அந்நாவன்மையின் ஓர் உறுப்பாம்.

அதன் அருமையை நாம் சிறிது ஆராய்வோம். தமிழிற் குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடும். அசைகள் பெரும்பாலும் தெளிவாக ஒலிக்கும். ஆங்கிலத்திலோ ஓரசை ஓங்க, ஏனையவை தளரும். தளர்ந்த அசையின் உயிரொலி மழுங்கும். இன்டஸ்ட்ரி என்பதில் முதலசை ஓங்கும். இன்டஸ்ட்ரியல் என்றாகுங்கால் அழுத்தம் இரண்டாமசைக்குப் பெயரும். ரெக்கார்டு என்பது பெயராயின் முதலசையிலும், வினையாயின் இரண்டாமசையிலும் அழுத்தம் பெறும். எஜுகேஷன் போன்று ஷன் என முடியும் சொற்களில் ஈற்றயலசையே ஓங்கும். அழுத்தம் இடம் மாறின், எழுத்துப் பிழையாதிருந்தும் கேட்போர் மயங்குவர்.

சாஸ்திரியார் இத்திறனை அணியாக மட்டும் கொண்டாரல்லர். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாயிருந்தபோது, இந்தியரை இழிவாய்க் கருதிய வெள்ளையரவைகளிற் பேசி அவர்தம் செவியைத் திறந்தார். ஆங்குள்ள நம்மவர் கல்விக்கென டர்பனில் எழுந்த சாஸ்திரிக் கல்லூரி அவர் பெயரை இன்றும் தாங்குகின்றது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த அவர், 1946-இற் காலமானார்.

இன்று நம் மாணவர் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகட்குச் செல்கின்றனர். ஆங்குக் கொரியரோடும் ஜப்பானியரோடும் ஆங்கிலத்திலேயே உரையாட நேரும். வெள்ளையர்போற் பேசுதல் வேண்டுவதன்று. சொல் பிறர்க்கு விளங்குதலே வேண்டும். புதுச்சொல்லொன்றைக் காணுந்தோறும் அகராதியிலுள்ள அழுத்தக்குறியை நோக்கி, இருமுறை வாய்விட்டுச் சொல்லுவோமாக. வலங்கைமான் வறுமையிற் பிறந்தவர்க்கு எய்திய திறன் நமக்கும் எய்தற்பாலதே.