பாபரும் நீரிறைக்கும் சக்கரமும்

நாடு வென்ற மன்னரின் சரிதையைப் படிப்போர் பெரும்பாலும் அவர் செய்த போர்களையே நினைவிற் கொள்வர். முகலாயப் பேரரசை நிறுவிய பாபரோ, வாளேந்திய கையாலேயே கிணற்றடிச் சக்கரத்தின் அமைப்பையும் எழுதிவைத்தவர்.

இவர் 1483ஆம் ஆண்டு மத்திய ஆசியாவின் பர்கானாப் பள்ளத்தாக்கிற் பிறந்தார். ஓடைகளும் பழத்தோட்டங்களும் நிறைந்த நாடு அது. 1494இல் தந்தை இறக்கவே, பன்னிரண்டு வயதும் நிரம்பாத சிறுவர் அரசுப் பொறுப்பை ஏற்றார். சமர்க்கந்து நகரை மும்முறை வென்று மும்முறையும் இழந்தார். பிறந்த நாட்டையும் இழந்து அலைந்து, 1504இற் காபூலைக் கைப்பற்றினார். 1526இற் பானிப்பட்டில் இப்ராகிம் லோடியை வென்று வட இந்தியாவின் அதிபதியானார்.

வென்ற நாட்டில் வெப்பமும் புழுதியும் அவரை வாட்டின. தோட்டங்களிடையே ஓடும் நீர் இல்லையே என்பது அவர்தம் பெருங்குறை. எனினும் குறைகூறியதோடு அமையாது, அந்நாட்டார் நீர் பெறும் முறைகளைக் கூர்ந்து நோக்கினார். லாகூர், சிர்கிந்துப் பகுதிகளிற் கிணற்றின் ஆழத்திற்கேற்ற இரு கயிற்று வளையங்களை மரச்சட்டங்களாற் பிணைத்துக் குடங்களைக் கட்டுவர். அதனைக் கிணற்றின் மேலுள்ள சக்கரத்திற் பொருத்துவர். மாடு சுற்றிவரப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும். குடங்கள் நிரம்பி மேலேறித் தொட்டியிற் கவிழும். இதுவே பாரசீகச் சக்கரம். இதன் இனமான பொறிகள் இசுலாமிய உலகெங்கும் வழங்கின. அல்-ஜசாரி என்னும் அறிஞர் 1206இலேயே நீரேற்றும் பொறிகளை விளக்கி நூல் செய்தார். ஆக்ராப் பக்கத்திலோ நம்மவர் கவலையை ஒத்த தோற்சால் முறை இருந்தது. மாட்டின் சாணத்திற் புரண்ட கயிறே மீண்டும் கிணற்றில் இறங்குவதைக் கண்டு அவர் அருவருத்தார்.

பின்னர் ஆக்ராக் கோட்டையினுட் படிக்கிணறு அமைத்து, மாடுகள் சுழற்றும் சக்கரத்தால் நீரை மேலேற்றித் தோட்டத்திற்குப் பாய்ச்சினார். 1530இல் அந்நகரிலேயே காலமானார். பிற்காலத்தில் அவருடல் காபூலில் அவர் விரும்பிய தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. சகதாய்த் துருக்கியில் அவர் எழுதிய தன்வரலாறு 1589இற் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பெற்றது.

அவர் போர்களிற் சிந்திய குருதியை மறைத்தல் முறையன்று. ஆயினும் கிணற்றடி உழவனின் தொழிலையும் அரசன் கற்றற்குரியதெனக் கொண்ட அவர் நோக்கு போற்றத்தக்கது. மாணவர்காள்! றொசல்ல மலைச்சரிவிற் பீலிநீர் தானே இறங்கி வருகின்றது; இறைக்கும் வருத்தம் நமக்கில்லை. அதனாலேயே அதன் அருமையை நாம் மறத்தலாகாது.