எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம்

எதிர்க்கட்சியில் அமர்ந்திருப்போர் பேசுவதன்றி வேறென்ன செய்ய வல்லார் என்று எம் மாணாக்கர் வினவுவதுண்டு. இவ்வினா எம் கதிரவெளிப் பகுதியில் எழுவது இயல்பே. 1977 ஆம் ஆண்டிலே எமது கல்குடாத் தொகுதி ஆளுங்கட்சியைச் சார்ந்த திரு. கே. டபிள்யூ. தேவநாயகம் அவர்களையே தெரிந்து அனுப்பியது. அவர் அமைச்சரும் ஆயினார். மனுவை ஏந்திச் செல்ல அமைச்சர் வாயில் இருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆசனத்தின் பயன் யாது? இதற்கு விடையாக நாம் கூறத்தக்கது திரு. அ. அமிர்தலிங்கம் அவர்களின் வாழ்க்கையே.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கு அணித்தாயுள்ள பன்னாகத்தில் 1927 ஓகத்து 26 இல் அவர் பிறந்தார். சுழிபுரம் விக்டோரியாக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று வழக்கறிஞரானார். இளமையிலேயே தமிழரசுக் கட்சியில் தந்தை செல்வநாயகத்தின் அணுக்கத் தொண்டராகி, 1952 இல் வட்டுக்கோட்டையிலே தோற்று, 1956 இல் வென்றார். அவ்வாண்டு யூன் 5 இல், தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலிலே அறவழியில் அமர்ந்தோரைக் கூட்டத்தார் தாக்கினர். தலையிற் காயமுற்ற அமிர்தலிங்கம் கட்டுடனே சபைக்குட் சென்று தம் ஆசனத்தில் அமர்ந்தார். 1961 சத்தியாக்கிரகமும் பனாகொடைத் தடுப்புக்காவலும், 1970 இல் நேர்ந்த தேர்தல் தோல்வியும், 1976 இல் வட்டுக்கோட்டையிலே நிறைவேறிய தனிநாட்டுத் தீர்மானமும் பலரும் அறிந்தவை.

1977 யூலையிலே 168 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 140 ஐக் கைக்கொண்டது. சுதந்திரக் கட்சி எட்டாகச் சுருங்கவே, 18 பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாயிற்று. காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நாட்டைப் பிரிக்க ஆணை கேட்டு வென்றவர் அந்நாட்டின் சபையிலேயே இரண்டாம் பெருந் தலைவராய் வீற்றிருத்தல் பொருந்துமோ என இளைஞர் கேட்டனர். அக்கேள்வியை நாம் எளிதிற் புறந்தள்ள மாட்டோம். ஆயினும், ஆசனம் ஏற்ற சில நாளிலேயே ஓகத்துக் கலவரம் மூண்டபோது, பொலிசார் நடந்துகொண்ட முறையைச் சபை நடுவிலே எடுத்துரைக்க அந்த ஆசனமே அவருக்கு உதவிற்று.

1978 இல் திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் படைத்த சனாதிபதியானார். சட்டம் இயற்றும் அவையைக் காட்டிலும் அதற்கு வெளியே ஒருவரிடம் அதிகாரம் குவிந்தது. கூட்டணியாரின் கோரிக்கைகளோ பழையவை: மொழியுரிமை, கிழக்கின் காணிக் குடியேற்றம், பல்கலைக்கழக அனுமதி, மாவட்டந்தோறும் அதிகாரப் பகிர்வு. வெருகல் ஆற்றங்கரைக்கு அயலில் வாழும் எமக்குக் காணி விடயம் விளக்க வேண்டியதன்று. 1979 இலே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. குற்றஞ் சாட்டாமலே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க அது வழி செய்தது. அதே ஆண்டில் மட்டக்களப்பின் முதலாம் உறுப்பினர் திரு. செ. இராசதுரை அரசின் பக்கஞ் சென்றார். கூட்டணியின் குரல் கிழக்கிலே மெலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பதோடு நில்லாது, கிடைத்ததைக் கொண்டு கட்டவும் அமிர்தலிங்கம் முயன்றார். 1980 இல் வந்த மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தை, இளைஞரின் சினத்தைப் பொருட்படுத்தாது, ஏற்றுக்கொண்டார். ஆனால் மாவட்ட அமைச்சரை நியமிக்கும் உரிமை சனாதிபதியிடமே இருந்தது. பணமும் அதிகாரமும் வேண்டிய அளவு வந்து சேரவில்லை. 1981 யூன் 4 தேர்தலுக்குச் சில நாள் முன்னர் யாழ்ப்பாண நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதனைப் பற்றி அரசு விடை கூற வேண்டியிருந்த வேளையில், யூலையிலே, எதிர்க்கட்சித் தலைவர்மீதே ஆளுங்கட்சியார் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றினர்! தம்மவர் நம்பிக்கையால் மட்டும் அப்பதவியில் இருப்பவர்மீது பிறர் நம்பிக்கையின்மை கொள்வதெங்ஙனம்? தீர்மானம் நிறைவேறியும் அவர் பதவி போகவில்லை.

1982 இலே சனாதிபதி தம் கட்சி உறுப்பினரிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களை வாங்கிவைத்தார். திசெம்பர் 22 இல், விளக்கும் குடமும் சின்னங்களாக, தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. கடிதங் கொடுத்தவர் வாய் திறவாதிருக்க, கடிதங் கொடாதவரே பேசினர். 1983 கலவரத்தின் பின் வந்த ஆறாந் திருத்தம் தனிநாட்டை மறுத்துச் சத்தியஞ் செய்யப் பணித்தது. கூட்டணியார் மறுத்து ஆசனங்களை இழந்தனர். அமிர்தலிங்கம் சென்னை சேர்ந்தார்.

1989 பெப்ரவரித் தேர்தலிலே அவர் நின்றது எம் மட்டக்களப்பு மாவட்டத்தில். உதயசூரியன் சின்னம் ஆசனங்களைப் பெற்றது. அவருக்கோ விருப்பு வாக்குகள் போதவில்லை. தேசியப் பட்டியல் வழியாகவே மீண்டும் சபை புகுந்தார். ஐந்து மாதமே அங்கிருந்தார். யூலை 13 அன்று, பேசுவதற்கென வந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் கொழும்பு இல்லத்திலே அவரையும் திரு. வெ. யோகேசுவரனையும் சுட்டுக்கொன்றனர். அப்பொழுது அவருக்கு அகவை அறுபத்தொன்று.