யூதாஸுக்கு ஊர்க்காரர் முகம்: யார் இந்த ஜோஹன் ஸோஃபனி?

லண்டன் அரண்மனைக்கு வரைந்தவர், கொல்கத்தா சர்ச்சுக்கு பைபிள் காட்சி வரைந்த கதை தெரியுமா?

ஜெர்மனியில் 1733-ல் பிறந்த ஸோஃபனி, லண்டனில் குடியேறி, மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குடும்பத்தையே வரையும் அளவுக்கு வளர்ந்தார். 1772-ல் ராணி சார்லட் இவரை இத்தாலியின் ஃபுளோரன்ஸுக்கு அனுப்பினார். என்ன வேலை? அங்குள்ள பிரபல கலைக்கூடத்தை வரைந்து வர வேண்டும். இவரோ, அங்கே சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர்களின் முகங்களையும் கேன்வாஸில் நிரப்பிவிட்டார். அரண்மனைக்குப் பிடிக்கல. அத்தோடு ராஜ வீட்டு ஆர்டர் போச்சு.

சம்பாதிக்க 1783-ல் இந்தியா வந்தார். 1787-ல் கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்காக இயேசுவின் இறுதி இராவுணவை வரைந்தார்.

பழக்கம் விடுமா? இயேசுவுக்கு கிரேக்கப் பாதிரியார், யோவானுக்கு போலீஸ் மாஜிஸ்திரேட், காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு ஏலக்காரர் வில்லியம் டுல்லோ என ஊர்க்காரர்களின் முகங்களையே வைத்தார் என்று சொல்லப்படுகிறது. எச்சில் படிக்கம் மாதிரி ஜாடி, தண்ணீர் சுமக்கும் தோல்பை என நம்மூர் பொருட்களும் படத்துக்குள் வந்தன.

1789-ல் இந்தியாவைவிட்டுக் கிளம்பியவர், 1810-ல் இங்கிலாந்தில் இறந்தார். 2010-ல் புதுப்பிக்கப்பட்ட அந்த ஓவியம், அதே சர்ச்சில்தான் இருக்கு. அரண்மனை வாய்ப்பைக் கெடுத்த அதே பழக்கம்தான், அதை இன்னிக்கும் பேச வைக்குது.